என் நாக்கும் இங்கிலீஷும்

தி.நகரில் பனகல் பார்க்கைச் சுற்றி நடந்தால் இப்போதும் ஏதாவது ஒரு மாடிப்படி ஓரத்தில் அந்தப் போர்டு கண்ணில் படும். முப்பது நாளில் சரளமான ஆங்கிலம். அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குள் ஒரு சின்னச் சிரிப்பு வரும். நான் முப்பது வருஷத்துக்கு மேல் கல்லூரியில் ஆங்கிலம் சொல்லிக்கொடுத்துவிட்டு ஓய்வு பெற்றவன். அது என் நாக்குக்கு முழுசாக வந்துவிட்டதா என்று கேட்டால், கொஞ்சம் யோசித்துத்தான் பதில் சொல்லவேண்டியிருக்கும்.

நான் பிறந்தது கும்பகோணத்துக்குப் பக்கத்தில் ஒரு கிராமத்தில். வலங்கைமான் அங்கிருந்து அதிக தூரமில்லை. 'வெள்ளி நாக்கு' என்று உலகமே கொண்டாடிய ரைட் ஆனரபிள் வி.எஸ். சீனிவாச சாஸ்திரியார் 1869-ல் பிறந்த ஊர் அது. அப்பாவுக்கு அதில் தனிப் பெருமை, ஏதோ சொந்தக்காரர் மாதிரி. "வைதிகம் பண்ற ஏழைக் குடும்பத்துப் பிள்ளை. டேப் ரிக்கார்டர் உண்டா, ரேடியோ உண்டா? அவர் பேசினா வெள்ளைக்காரன் வாயைப் பிளந்துண்டு கேப்பான்" என்பார். சாஸ்திரியார் திருவல்லிக்கேணி ஹிந்து ஹைஸ்கூலில் தலைமையாசிரியராக இருந்தவர். 1922-ல் ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, கனடா என்று சுற்றிப் பேசிவிட்டு வந்தவர். லஸ்ஸில் ரானடே நூலகத்து மாடியில் அவர் பெயரில் இருக்கும் ஹாலில் எத்தனையோ கூட்டங்களுக்குப் போயிருக்கிறேன். ஒவ்வொரு தடவையும் படி ஏறும்போது அப்பாவின் ஞாபகம் வரும்.

அப்பா ஆரம்பப்பள்ளி வாத்தியார். அவருடைய ஆங்கிலம் புத்தகத்திலிருந்து வந்தது. தினமும் ஹிந்து பேப்பர் ஒரு நாள் தாமதமாக ஊருக்கு வரும். சாயங்காலம் திண்ணையில் உட்கார்ந்து தலையங்கத்தை உரக்கப் படிப்பார். தெருவில் நாலு பேர் வந்து உட்கார்வார்கள். புரிந்ததா என்பது வேறு விஷயம். அந்தக் குரல் அவர்களுக்குப் பிடித்திருந்தது.

1960 வாக்கில் மதராஸ் ராஜ்யத்தில் ஒரு பெரிய முயற்சி நடந்தது. இன்றைக்கு அதை ஞாபகம் வைத்திருப்பவர்கள் மிகவும் குறைவு. கீழ் வகுப்புகளில் ஆங்கிலம் தொடங்கிவைக்கும் ஆசிரியர்கள் சுமார் 27,000 பேருக்கு மறுபயிற்சி கொடுப்பது என்று முடிவாயிற்று. பிரிட்டிஷ் கவுன்சிலும் அதில் சேர்ந்துகொண்டது. அத்தனை பேருக்கும் வெள்ளைக்கார நிபுணர்கள் பாடம் நடத்த முடியுமா? அதனால் சிலருக்கு முதலில் பயிற்சி கொடுத்து, அவர்கள் பலருக்குக் கொடுத்து, அப்படியே உருண்டு பெருக்குவது என்று ஏற்பாடு. 'மதராஸ் ஸ்னோபால்' என்று அதற்குப் பெயர் வைத்தார்கள். நம் ஊர் வெயிலுக்குப் பனிப்பந்து! பெயர் வைத்தவர் சித்திரை மாதத்தில் இந்தப் பக்கம் வந்ததில்லை போலிருக்கிறது.

அப்பாவும் அந்தப் பந்தில் ஒட்டிக்கொண்ட ஒரு துகள். பக்கத்து ஊர் மையத்துக்குத் தினமும் சைக்கிளில் போய்வந்தார். திரும்பி வந்ததும் வகுப்பில் பேனாவைத் தூக்கிக் காட்டி "திஸ் ஈஸ் எ பென்", மேஜைமேல் வைத்து "த பென் ஈஸ் ஆன் த டேபிள்" என்று ஆரம்பித்தார். கட்டமைப்பு முறை என்பார்கள். இலக்கணம் சொல்லாமல் வாக்கியத்தையே திரும்பத் திரும்பச் சொல்லவைப்பது. அதன் நடுவே உச்சரிப்பும் உண்டு. ஆனால் இங்கிலாந்துக்காரர் வாயிலிருந்து கிளம்பிய ஒலி மூன்றாவது நாலாவது கை மாறி எங்கள் ஊர் ஓட்டுப் பள்ளிக்கூடத்துக்கு வந்து சேரும்போது அதுவும் தமிழ் பேசக் கற்றுக்கொண்டிருந்தது. அதைக் குறை சொல்ல எனக்கு மனசில்லை. நான் எம்.ஏ. படித்தது அந்த ஓட்டுப் பள்ளிக்கூடத்திலிருந்து கிளம்பித்தான்.

அந்த எம்.ஏ.யை நான் 'யெம்.யே.' என்று சொன்னேன். 1970-ல் சென்னையில் ஒரு கல்லூரியில் வேலைக்கு நேர்முகத் தேர்வு. எதிரே மூன்று பேர். என்ன படித்திருக்கிறாய் என்று கேட்டார்கள். சொன்னேன். ஒருவர் மற்றவரைப் பார்த்தார். "ஒன்ஸ் மோர்" என்றார். மறுபடியும் சொன்னேன். மூவரும் சிரித்தார்கள். ஷேக்ஸ்பியரில் ஏதாவது கேட்பார்கள் என்று மூன்று நாள் தூங்காமல் படித்துக்கொண்டு போயிருந்தேன். எதுவும் கேட்கவில்லை. வெளியே வந்து கடற்கரை வரைக்கும் நடந்தே போனேன். என்ன தப்பாகச் சொன்னேன் என்பதுகூட அன்றைக்கு எனக்குத் தெரியாது என்பதுதான் வேடிக்கை.

தப்பு என்னுடையதல்ல, தமிழுடையதுமல்ல. எ, ஏ என்று சொல் ஆரம்பித்தால் பேச்சில் முன்னால் ஒரு யகரம் தானாக வந்து ஒட்டிக்கொள்ளும். ஒ, ஓ என்றால் ஒரு வகரம். வீட்டில் 'எலி' என்று சொல்லிப் பாருங்கள், உங்களுக்கே கேட்கும். அதே பழக்கத்தில் 'எக்' யெக் ஆகிறது, 'ஒன்லி' வொன்லி ஆகிறது. இதை எனக்கு விளக்கிச் சொல்ல ஒருவர் கிடைக்க இன்னும் நாலு வருஷம் ஆயிற்று.

வேறொரு கல்லூரியில் வேலை கிடைத்து, 1974-ல் ஹைதராபாத்துக்கு டிப்ளமோ படிக்க அனுப்பினார்கள். 1958-ல் மத்திய ஆங்கில நிறுவனம் என்று தொடங்கி, 1972-ல் பிற அயல்மொழிகளையும் சேர்த்துக்கொண்ட இடம் அது. இப்போது பல்கலைக்கழகமாகிவிட்டது. அங்கேதான் ஒலியியல் என்று ஒரு சாஸ்திரம் இருப்பதையும், அதற்கு அடுத்தபடியாக ஒலியனியல் என்று ஒன்று இருப்பதையும் தெரிந்துகொண்டேன். வாயில் ஒலி எப்படிப் பிறக்கிறது என்பது முதலாவது. அந்த ஒலிகளில் எதையெல்லாம் ஒரு மொழி வேறு வேறு என்று கணக்கில் வைக்கிறது, எதையெல்லாம் ஒன்று என்று விட்டுவிடுகிறது என்பது இரண்டாவது.

இரண்டாவதைப் புரிந்துகொள்ளத் தமிழைவிட நல்ல உதாரணம் கிடையாது. 'பல்', 'கம்பம்' இரண்டிலும் எழுத்து ஒரே பகரம்தான். ஆனால் முதலில் தொண்டை அதிராது, இரண்டாவதில் அதிரும். நமக்கு அது வித்தியாசமாகவே படுவதில்லை. எங்கே எது வரும் என்பதைச் சூழ்நிலை தீர்மானித்துவிடுகிறது. கால்டுவெல் 1856-லேயே இதை ஒரு விதியாக எழுதிவைத்தார். ஆங்கிலத்தில் அப்படி இல்லை. 'பேட்' என்று நாம் ஒரே மாதிரி எழுதும் சொல்லை அவர்கள் தொண்டை அதிராமல் சொன்னால் எழுதும் அட்டை, அதிரச் சொன்னால் கெட்டது. கிராமத்திலிருந்து வரும் பையனுக்கு இந்த இரண்டும் காதிலேயே பிரிந்து விழாது. காதில் விழாததை நாக்கு எப்படிச் சொல்லும்? இதற்குத்தான் அவனை மக்கு என்று சொல்லிக்கொண்டிருந்தோம்.

லாங்வேஜ் லேப் என்று வரிசையாக மரத்தடுப்பு போட்ட அறை. காதில் ஹெட்போன், எதிரே ஸ்பூல் டேப். இங்கிலாந்துக் குரல் ஒன்று சொல்லும், நாங்கள் திருப்பிச் சொல்லவேண்டும். பிறகு நம் குரலை நாமே கேட்கவேண்டும். முதல் நாள் என் குரலைக் கேட்டதும் சொந்த ஊரில் யாரோ பேசுகிறார்கள் என்று நினைத்தேன். 44 ஒலியன்கள், அதில் உயிர் மட்டும் 20. நம்முடைய பன்னிரண்டை வைத்துக்கொண்டு இருபதைப் பிடிக்கவேண்டும். 'பஸ்' என்றால் 'பஸ்' என்று நிற்கவேண்டும், 'பஸ்ஸு' என்று உகரம் வரக்கூடாது. இதற்கு ஒரு பாவமும் அறியாத நம் குற்றியலுகரம்தான் காரணம். தமிழ்ச் சொல் வல்லினத்தில் முடியாது, நாடு, காசு, பாட்டு என்று ஒரு சின்ன உகரத்தில் கால் ஊன்றித்தான் நிற்கும். லைட்டும் கேட்டும் நம்மிடம் வந்தால் லைட்டு, கேட்டு ஆகாமல் என்ன செய்யும்?

விடுதி அறையில் ஒரு நாள் ராத்திரி பழைய தொல்காப்பியப் பதிப்பு ஒன்றைப் புரட்டினேன். பி.ஏ.யில் மனப்பாடம் செய்து மறந்துபோன பிறப்பியல். கொப்பூழிலிருந்து எழும் காற்று மார்பிலும் கழுத்திலும் தலையிலும் தங்கி, பல், இதழ், நா, மூக்கு, அண்ணம் என்று பட்டு வேறு வேறு எழுத்தாகிறது என்று அங்கே இருக்கிறது. ககரத்துக்கு அடிநா, சகரத்துக்கு இடைநா, டகரத்துக்கு நுனிநா. ரகர ழகரங்களுக்கு நாக்கின் நுனி மேலே போய் அண்ணத்தை வருடவேண்டும். 'வருட' என்றே சொல்கிறார். பகலில் ஆங்கிலத்தில் படம் போட்டுச் சொன்னதை இவர் எந்தக் காலத்திலோ நாக்கை மட்டும் கருவியாக வைத்துக்கொண்டு சொல்லியிருக்கிறார். கல்லூரியில் இதை எங்களுக்கு நடத்திய தமிழய்யா ஒரு தடவையாவது 'வாயைத் திறந்து சொல்லிப் பாருங்கடா' என்று சொல்லியிருக்கலாம்.

எங்களுக்குப் பாடப்புத்தகம் பன்சாலும் ஹாரிசனும் எழுதி 1972-ல் வந்த 'ஸ்போக்கன் இங்கிலீஷ் ஃபார் இந்தியா'. அந்த ஆர்.கே. பன்சால் 1969-ல் இந்திய ஆங்கிலம் வெளியாருக்கு எவ்வளவு புரிகிறது என்று ஓர் ஆராய்ச்சி நூல் வெளியிட்டிருந்தார். பிரிட்டிஷ்காரர்களுக்குச் சராசரியாக 70 சதவீதம் புரிந்தது. எஞ்சியது புரியாததற்கு முக்கியக் காரணம் எழுத்துகளின் ஒலி என்றுதான் நாங்கள் நினைத்திருந்தோம். அவரோ அழுத்தம் என்றார். ஆங்கிலச் சொல்லில் ஓர் அசை மட்டும் தலைதூக்கி நிற்கும், மற்றவை குனிந்துகொள்ளும். எந்த அசை என்பது சொல்லுக்குச் சொல் மாறும். 'ஃபோட்டோகிராஃப்' என்றால் முதல் அசை, 'ஃபட்டாகிரஃபி' என்றால் இரண்டாவது, 'ஃபோட்டகிராஃபிக்' என்றால் மூன்றாவது. நாமோ எல்லா அசையையும் பந்தியில் உட்காரவைத்து எல்லோருக்கும் சமமாகப் பரிமாறுகிறோம். கொஞ்சம் சலுகை காட்டினால் முதல் அசைக்குக் காட்டுவோம்.

அழுத்தம் என்பது எனக்குள் ஒரு வெறியாகவே பிடித்துக்கொண்டது. டேனியல் ஜோன்ஸ் 1917-ல் வெளியிட்ட உச்சரிப்பு அகராதியின் பிந்தைய பதிப்பு ஒன்றைப் பழைய புத்தகக் கடையில் வாங்கிக் கையோடு வைத்திருந்தேன். பாரில் உள்ள எல்லோரையும் திருத்தலாம் என்று தோன்றிய வயது.

1975 கோடை விடுமுறையில் ஊருக்குப் போனேன். வழக்கம்போல் சாயங்காலம் திண்ணையில் அப்பா தலையங்கம் படித்துக்கொண்டிருந்தார். நாலு பேருக்குப் பதிலாக அன்று பத்துப் பேர், ஹைதராபாத்திலிருந்து வந்த என்னைப் பார்க்கவும் சேர்த்து. அவரிடம் படித்து தாசில்தார் ஆபீஸில் வேலை பார்க்கும் ஒருவரும் வந்திருந்தார். அப்பா ஏதோ ஐந்தாண்டுத் திட்டம் பற்றிய வரியில் 'டெவலப்' என்று படித்தார், டெ-யில் அழுத்தி.

"அப்பா, டெவலப் இல்லேப்பா. டிவெலப். ரெண்டாவது அசையிலே ஸ்ட்ரெஸ்."

அப்பா நிமிர்ந்து பார்த்தார். "டெவலப்" என்றார் மறுபடியும், திருத்திச் சொல்வதாக நினைத்துக்கொண்டு.

"இல்லேப்பா. டி-வெ-லப்."

மூன்றாவது தடவையும் அவருக்கு வரவில்லை. தாசில்தார் ஆபீஸ்காரர் வேறு பக்கம் பார்த்தார். யாரோ ஒருவர் சிரித்துவிட்டார், கெட்ட எண்ணத்தில் இல்லை. அப்பா பேப்பரை மடித்தார். "மிச்சத்தை நீ படி" என்று என்னிடம் நீட்டினார். நான் படித்தேன். வாசலில் உட்கார்ந்திருந்தவர்களுக்கு என் உச்சரிப்பு ஒன்றும் புரியவில்லை, ஒவ்வொருவராக எழுந்து போனார்கள்.

அதற்கப்புறம் அப்பா உரக்கப் படிக்கவில்லை. என் எதிரில் ஒரு வாக்கியம்கூட ஆங்கிலத்தில் பேசவில்லை. கோபித்துக்கொள்ளவும் இல்லை. மற்ற எல்லாம் எப்போதும் போல.

சென்னையில் எனக்கு நல்ல பெயர் வந்தது. டி. பாலசுப்ரமணியன் இந்திய மாணவர்களுக்காக எழுதிய ஒலியியல் பாடநூல் 1981-ல் வந்தபோது கல்லூரிகளில் இந்தப் பாடத்துக்கு ஒரு மவுசு உண்டாயிற்று. அவர் எடின்பரோவில் பேச்சுத்தமிழின் ஒலியியலை ஆராய்ந்து டாக்டர் பட்டம் பெற்றவர். தமிழ்க் காது உள்ளவர் எழுதிய புத்தகம் என்பது வரிக்கு வரி தெரியும். அடையாறிலும் மயிலாப்பூரிலும் உள்ள பெரிய வீட்டுப் பிள்ளைகளுக்குக்கூட அதில் தப்பு வந்தது. கான்வென்ட் பையன்கள் 'த' ஒலியில் மாட்டிக்கொள்வதை, அந்த நேர்முகத் தேர்வை நினைத்துக்கொண்டு, கொஞ்சம் ரசித்தேன் என்று ஒப்புக்கொள்கிறேன்.

அம்மா போனபிறகு அப்பா எங்களோடு மயிலாப்பூருக்கு வந்துவிட்டார். சித்திரக்குளம் பக்கத்தில் வாடகை வீடு. முன்கூடத்தில் அவருடைய ஈஸிசேர்.

1988 டிசம்பரில் ஒரு தமிழ்ப் பேராசிரியர் நண்பர் ஒரு பையனை அழைத்துவந்தார். செக்கோஸ்லோவாகியாவிலிருந்து தமிழ் படிக்க வந்திருப்பவன். வயது இருபத்திநாலு இருக்கும். "இவனுக்குப் பேச்சுத்தமிழ் வேணும். உங்களுக்கு ஒலியியல் தெரியும். வாரத்துக்கு ரெண்டு நாள் உட்கார்ந்து பேசுங்க." ப்ராகில் அவன் ஆங்கிலமும் இந்தியவியலும் சேர்த்துப் படித்தவன். அது அங்கே புதிதில்லை. நம் எல்லோருக்கும் பெயர் தெரிந்த கமில் சுவலபில் அப்படித்தான், 1946 முதல் 1952 வரை சார்ல்ஸ் பல்கலைக்கழகத்தில் இந்தியவியலோடு ஆங்கிலமும் படித்துவிட்டுத் தமிழுக்கு வந்தவர். தமிழின் வட்டார வழக்குகளைப் பற்றி 1959-லிருந்து அவர் ப்ராக் இதழில் எழுதிய கட்டுரைகளும், 1970-ல் வந்த திராவிட ஒலியனியல் ஒப்பீட்டு நூலும் இங்கே மொழியியல் படித்தவர்களுக்குப் பரிச்சயம்.

அந்தப் பையன் வரவர எங்கள் வீட்டில் பாடம் இரண்டு பக்கமும் நடக்க ஆரம்பித்தது. ஆங்கில ஒலியியல் தனக்கு எங்கே இடித்தது என்று அவன் சொல்லச் சொல்ல, எனக்கு ஹைதராபாத் விடுதி அறை ஞாபகம் வந்தது. எங்களுக்கு வகர வேற்றுமை தெரியாது; உதட்டைக் குவித்துச் சொல்வதும் பல்லில் வைத்துச் சொல்வதும் ஒன்றே. அவனுக்கும் அப்படியே. நாங்கள் 'தின்' என்பதில் தகரம் போட்டோம், அவர்கள் சகரம் மாதிரி ஒன்றையோ டகரம் மாதிரி ஒன்றையோ போடுவார்களாம். 'பேங்க்' என்று நாம் ஏகாரத்தில் இழுப்பதை அவர்கள் எகரத்தில் குறுக்குவார்கள். சொல்லின் தொடக்கத்தில் ப, ட, க சொன்னால் ஆங்கிலேயருக்கு வாயிலிருந்து காற்று குபீரென்று வரும். நமக்கும் செக்காரர்களுக்கும் வராது. அவர்களுடைய பெரிய தலைவலி கடைசி எழுத்து. செக் மொழியில் சொல் முடியும் இடத்தில் தொண்டை அதிர்வு அணைந்துவிடும். அதனால் 'பேக்' என்று சொல்லும்போது பையா, முதுகா என்று தெரியாமல் இரண்டும் ஒன்றாகிவிடும். நாம் அந்த இடத்தில் ஓர் உகரம் போட்டுத் தப்பித்துக்கொள்கிறோம், அவர்கள் அணைத்துவிட்டுத் தப்பித்துக்கொள்கிறார்கள்.

இப்படி ஓர் இடத்தில் வித்தியாசம் அழிந்துபோவதற்குப் பெயர் கொடுத்துச் சாஸ்திரமாக்கியதே ப்ராக் நகரம்தான் என்று அவன் பெருமையாகச் சொன்னான். அது நியாயமான பெருமை. 1926 அக்டோபரில் அங்கே மொழியியல் வட்டம் என்று ஒன்றைத் தொடங்கியவர் வில்லேம் மத்தேசியுஸ், ஆங்கிலப் பேராசிரியர். அதற்குச் சில வருஷம் முன்பே அவருக்குப் பார்வை போய்விட்டது. கண் போனவர் ஒலியைப் பற்றி யோசிக்கக் கூட்டம் சேர்த்திருக்கிறார். அந்த வட்டத்தைச் சேர்ந்த ட்ருபெட்ஸ்காய் எழுதிய ஒலியனியல் நூல், அவர் இறந்த மறுவருஷம், 1939-ல் ப்ராகில் ஜெர்மன் மொழியில் வெளிவந்தது. அதில் நம் தமிழ் வருகிறது! ஒரே வல்லெழுத்து இடத்துக்கு இடம் வேறு வேறாக ஒலித்தாலும் தமிழனுக்கு அது ஒன்றே என்பதை அவர் எடுத்துக்காட்டாகச் சொல்கிறார்.

வியன்னாவில் இருந்த ரஷ்யருக்குத் தமிழ் எப்படிக் கிடைத்தது? இங்கேதான் எனக்குப் புல்லரித்தது. லாகூரில் ஆங்கிலப் பேராசிரியராக இருந்துவிட்டு லண்டன் திரும்பிய ஜே.ஆர். ஃபெர்த், தமிழ் உச்சரிப்பு பற்றி ஒரு சிறு நூல் எழுதினார். அது 1934-ல் ஆர்டன் பாதிரியாரின் தமிழ் இலக்கணத்துக்குப் பின்னிணைப்பாக, நம் மதராஸில், கிறிஸ்தவ இலக்கியச் சங்கத்தின் வெளியீடாக வந்தது. வெள்ளைக்காரர்கள் சமையற்காரரோடு தமிழ் பேசப் பழகுவதற்காக வாங்கிய புத்தகம். அதைத்தான் ட்ருபெட்ஸ்காய் படித்திருக்கிறார்.

ழகரத்துக்கு அந்தப் பையன் மூன்று வாரம் எடுத்துக்கொண்டான். தொல்காப்பியர் சொன்னதைச் சொன்னேன்: "இடிக்காதே, வருடு." ஒரு செவ்வாய்க்கிழமை 'வாழைப்பழம்' முழுசாக வந்துவிட்டது. சமையலறையிலிருந்து என் மனைவி கைதட்டினாள். பதிலுக்கு அவன் தன் மொழியின் ரகரம் ஒன்றை எனக்குக் கற்றுக்கொடுத்தான். எழுத்தின் தலையில் சின்னக் கொக்கி இருக்கும். நாக்கு நுனி உருளும்போதே கூடவே ஒரு ஷகரம் சீறவேண்டும். த்வோர்ஷாக் என்ற இசைமேதையின் பெயரில் வருவது. அங்கேயே குழந்தைகளுக்குக் கடைசியாகத்தான் வருமாம். எனக்கு இன்றுவரை வரவில்லை. அந்தக் கொக்கி முதலில் ஒரு புள்ளியாக இருந்ததாம், 1415-ல் உயிரோடு எரிக்கப்பட்ட யான் ஹுஸ் என்ற பாதிரியார் ஏற்படுத்தியது என்பார்களாம். மெய்யெழுத்துக்குத் தலையில் புள்ளி. "எங்களுக்கும் உண்டு" என்றேன்.

டகர விஷயத்தில் அவன்தான் எனக்கு ஒன்று காட்டினான். ஆங்கில டகரத்துக்கு நாக்கு நம் டகரத்தளவு மேலே வளையாது, பல்லுக்கு மேல் ஈறில் நிற்கும். பழந்தமிழில் அந்த இடத்துக்கு உரியது றகரம். யாழ்ப்பாணத்தார் பேச்சில் 'காற்று' இன்னும் அங்கேதான் நிற்கிறது. அதனால்தான் அவர்கள் 'ரீச்சர்', 'ரொறன்ரோ' என்று எழுதுகிறார்கள். நாம் அதைப் பார்த்துச் சிரிக்கிறோம். அவர்கள் காது நம்மைவிடச் சரி.

அன்றோ அதற்கு அடுத்த வாரமோ, பேச்சு அவன் நாட்டைப் பற்றித் திரும்பியது. அவன் ஆங்கிலத்தில் ஏதோ சொல்லிக்கொண்டே போனான். நடுவில் 'டெவலப்' என்றான். டெ-யில் அழுத்தம். செக் மொழியில் எந்தச் சொல்லானாலும் முதல் அசையில்தான் அழுத்தம். எத்தனை வருஷம் ஒலியியல் படித்தாலும் வேகமாகப் பேசும்போது அது வந்துவிடும் என்று முன்பே சொல்லியிருந்தான்.

ஈஸிசேர் கிறீச்சிட்டது. அப்பா கையில் இருந்த விசிறி நின்றது. நான் அவர் பக்கம் திரும்பவில்லை. வாயைத் திறக்கவும் இல்லை. என்னுடைய ஜோன்ஸ் அகராதி அலமாரியில் அவருக்கு நேர் எதிரே இருந்தது.

கொஞ்ச நேரம் கழித்து அப்பா ஆங்கிலத்தில் கேட்டார், மெதுவாக, ஒவ்வொரு சொல்லாக: உங்கள் ஊரில் பனி பெய்யுமா? பையன் நாற்காலியை அவர் பக்கம் திருப்பிப் போட்டுக்கொண்டான். "பெய்யும் ஐயா" என்று தமிழில் சொல்லிவிட்டு, மிச்சத்தை ஆங்கிலத்தில் சொன்னான். அப்பாவுக்கு 72 வயது. பதிமூன்று வருஷம் கழித்து அவருடைய இங்கிலீஷைக் கேட்டேன். 'யெவ்ரி டே', 'வொன்லி', 'ஸ்நோவு'. பையனுக்கு ஒரு சொல்கூடப் புரியாமல் போகவில்லை. அவனுடைய கடைசி எழுத்து அணைந்த ஆங்கிலமும் அப்பாவுக்குப் புரிந்தது. மதராஸ் ஸ்னோபாலைப் பற்றிச் சொல்லி, அந்தப் பந்து என்னவென்று அன்றைக்குத்தான் ஒரு பனி தேசத்துக்காரனிடம் விசாரித்துத் தெரிந்துகொண்டார். ஏழு மணிக்கு மேல் ஆகிவிட்டது, மூன்றாவது காபி வந்தது. நான் உள்ளே எழுந்து போனேன்.

மறுவருஷம் அவன் ஊர் திரும்பினான். அந்த நவம்பரில் தூர்தர்ஷனில் ப்ராக் காட்டினார்கள், சதுக்கம் நிறைய ஜனங்கள் சாவிக்கொத்தைத் தூக்கி ஆட்டிக்கொண்டு. அப்பா டிவிக்கு மிக அருகில் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு ஒவ்வொரு முகமாகத் தேடினார். "தம்பி இருக்கானா பாரு" என்றார்.

இப்போதெல்லாம் உச்சரிப்பு வேறு மாதிரிப் பிழைப்பாகிவிட்டது. ஓய்வு பெறும் காலத்தில் தரமணிப் பக்கம் ஒரு கம்பெனியில் ராத்திரி வேலைப் பிள்ளைகளுக்குப் பாடம் நடத்தக் கூப்பிட்டார்கள். தாய்மொழிச் சாயல் என்பதை ஏதோ வியாதி மாதிரிச் சுருக்கெழுத்தில் எழுதி, ஒவ்வொரு பிள்ளைக்கும் மார்க் போட்டுவைத்திருந்தார்கள். ஆறு மாதம் போனேன், போதும் என்று வந்துவிட்டேன்.

அப்பா 1991-ல் காலமானார். 1996-ல் வீடு மாற்றும்போது அவருடைய தகரப்பெட்டியைத் திறந்தேன். அடியில் பழுப்பேறிய நாற்பது பக்க நோட்டு. 1961 என்று மேலே எழுதியிருந்தது. பயிற்சி மையத்தில் எடுத்த குறிப்புகள், பாதி ஆங்கிலம் பாதி தமிழ், மைக்கூட்டுப் பேனாவில் அச்சு மாதிரி எழுத்து. "ப: உதட்டின் எதிரே காகிதம் பிடி. காகிதம் ஆடவேண்டும்." "த: நாக்கு இரண்டு பல்லுக்கும் நடுவில். வெட்கப்படக்கூடாது." கடைசிப் பக்கத்தில் பத்துப் பன்னிரண்டு சொற்கள், அசை அசையாகப் பிரித்து, அழுத்தம் விழும் அசைக்கு மேல் சிவப்பு மையில் ஒரு கோடு. பிகின். ரிமெம்பர். நாலாவதாக டிவெலப். கோடு வெ-யின் மேல், சரியான இடத்தில் இருந்தது.